கால் நனைந்த பட்டாளம்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் சிங்கப்பூர் எஸ்பிளனேட் பூங்காவில் நிற்கும் செனோடாஃப் நினைவுத் தூணைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். 1920இல் பிரான்சின் முன்னாள் பிரதமர் கிளெமென்சோ முன்னிலையில் அடிக்கல் நாட்டி 1922 மார்ச் 31இல் வேல்ஸ் இளவரசர் திறந்துவைத்த தூண், முதல் உலகப் போரில் இறந்த 124 பேரின் பெயர் அதில் இருக்கிறது என்று நாலே வரியில் பதில் எழுதியிருந்தேன். அதற்கு இவ்வளவு கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லோருடைய கேள்வியும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: பதுங்குகுழிக்குள் அந்தச் சிப்பாய்கள் எப்படி நாளை ஓட்டினார்கள்? அதனால் இந்த இதழ் முழுக்க அதைப் பற்றியே எழுதுகிறேன்.

என் மகன் தெக்கோங் தீவில் அடிப்படைப் பயிற்சியில் இருக்கிறான். காட்டு முகாம் முடிந்து வீட்டுக்கு வந்தவன் இரண்டு நாள் படுக்கையை விட்டு எழவில்லை. அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் சிப்பாய்கள் நான்கு வருடம் குழிக்குள்ளேயே கிடந்தார்கள் என்கிறார்களே, உண்மையா ஐயா? – ஒரு தாய், ஈசூன்

இல்லை அம்மா. நான்கு வருடம் தொடர்ந்து யாரும் முன்வரிசையில் இருந்ததில்லை. இருந்திருந்தால் ஒருவரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள்.

ஒரு காலாட்படை பட்டாலியன் என்பது ஏட்டுக் கணக்கில் சுமார் 1,000 பேர். லெப்டினன்ட் கர்னல் ஒருவர் தலைமை. அதற்குள் நான்கு கம்பெனி, கம்பெனிக்கு நான்கு பிளட்டூன், பிளட்டூனுக்கு 50 பேர் போல, அதற்குள் நான்கு செக்‌ஷன். உங்கள் மகன் வீட்டில் பேசும்போது வரும் அதே பெயர்கள்தான் இவை. சாவும் நோயும் விடுப்பும் போக, நிஜத்தில் அந்த 1,000 பேர் நிறைந்திருந்த நாள் குறைவு.

இந்தப் பட்டாலியன் சுற்று முறையில் இயங்கியது. சில நாள் முன்வரிசை, சில நாள் அதற்குச் சற்றுப் பின்னால் துணை வரிசை, பிறகு இன்னும் பின்னால் காத்திருப்பு, கடைசியாகப் பீரங்கிக்கு எட்டாத ஏதாவது ஒரு பிரெஞ்சு கிராமத்தில் மாட்டுக் கொட்டகையிலோ களஞ்சியத்திலோ ஓய்வு. ஒரு இளம் அதிகாரி 1916ஆம் ஆண்டு முழுவதையும் நாட்குறிப்பை வைத்துக் கணக்கெடுத்திருக்கிறார். முன்வரிசையில் 65 நாள், அதை ஒட்டிய துணை வரிசையில் 36 நாள். அந்த வருடத்தில்தான் பெரும் உயிர்ச்சேதம் கண்ட சோம் சண்டை நடந்தது என்பதை நினைவில் வையுங்கள்.

ஆனால் ஓய்வு என்ற சொல்லை நம்பி ஏமாந்துவிடக் கூடாது. பின்னால் வந்த பட்டாளத்தை ராத்திரி ஆனதும் எழுப்பி, முன்வரிசைக்கு முள்கம்பிச் சுருளும் பலகையும் குண்டுப் பெட்டியும் சுமக்க அனுப்புவார்கள், ரோடு போட அனுப்புவார்கள், குழி வெட்ட அனுப்புவார்கள். பல சிப்பாய்கள் முன்வரிசையைவிட இந்தச் சுமை வேலையைத்தான் அதிகம் வெறுத்தார்கள். நானும் தேசிய சேவையில் காலாட்படையில் இருந்தவன். ஒரே ராத்திரியில் ஆள் உயரக் குழி வெட்டி முடிப்பதற்குள் கை முழுக்கக் கொப்புளம் வந்தது இன்னும் நினைவிருக்கிறது. அவர்கள் அதை வருடக்கணக்கில் செய்தார்கள், அதுவும் எதிரி கேட்டுவிடாமல், வாய் பேசாமல். மகனுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். தூங்கட்டும், எழுப்பாதீர்கள்.

முன்வரிசையில் ஒரு நாள் என்றால் காலையிலிருந்து ராத்திரி வரை என்ன நடக்கும்? சினிமாவில் எப்போதும் சண்டைதான் காட்டுகிறார்கள். – வாசகர், தோ பாயோ

சண்டை நடந்த நாட்கள் குறைவு, ஐயா. வேலைதான் நடந்தது. எனக்கு இந்த விஷயத்தில் மனம் போய் ஒட்டிக்கொள்வதும் அங்கேதான்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். குழி நேர்கோட்டில் போகாது, கோட்டைச் சுவர்ப் பல் மாதிரி மடங்கி மடங்கிப் போகும். ஒரு குண்டு உள்ளே விழுந்தால் அதன் சிதறல் அந்த ஒரு மடிப்போடு நிற்க வேண்டும், எதிரி ஒரு முனையில் ஏறிவிட்டாலும் நீளத்துக்கும் சுட முடியக் கூடாது, அதற்காக. உள்ளே நின்றால் தலை வெளியே தெரியாத ஆழம். அதனால் சுடுவதற்கு ஏறி நிற்க முன்சுவரை ஒட்டி ஒரு படி வெட்டியிருப்பார்கள். தரையில் பலகைப் பாதை, அடியில் தண்ணீர். பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் இரண்டு அடி தோண்டினாலே தண்ணீர் ஊறும், அங்கே கீழே தோண்டுவதை விட்டுவிட்டு மணல்மூட்டையை மேலே அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள்.

விடிவதற்கு ஒரு மணி நேரம் முன்பே எல்லோரையும் எழுப்பிவிடுவார்கள். ‘ஸ்டாண்ட் டு’ என்று பெயர். துப்பாக்கியில் கத்தி மாட்டி, அந்தப் படியில் ஏறி, இருட்டைப் பார்த்தபடி நிற்க வேண்டும். தாக்குதல் பெரும்பாலும் விடியலில் வரும் என்பதால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் இப்படி நின்றுகொண்டிருக்கும். வெளிச்சம் வந்ததும் சில பகுதிகளில் இரு தரப்பும் கொஞ்ச நேரம் சும்மா சுட்டுக்கொள்வார்கள். அது முடிந்ததும் சார்ஜென்ட் களிமண் ஜாடியோடு வருவார், ஆளுக்குச் சில மடக்கு ரம். இரவு முழுக்க நனைந்து நின்றவனுக்கு அந்தச் சூடு வயிற்றில் இறங்குவதுதான் நாளின் நல்ல நேரம் என்று பலர் எழுதி வைத்திருக்கிறார்கள்.

அப்புறம் துப்பாக்கியைத் துடைப்பது. அதிகாரி வந்து ஒவ்வொன்றாகப் பார்ப்பார். பிறகு காலைச் சாப்பாடு. பல இடங்களில் இரு தரப்புமே அந்த அரை மணி நேரம் சுடாமல் விட்டுவிடும், யாரும் ஒப்பந்தம் போடவில்லை, அவனுக்கும் பசி, இவனுக்கும் பசி. அதன் பிறகு பகல் முழுக்கப் பழுது பார்க்கும் வேலை: சரிந்த சுவரைத் தூக்கிக் கட்டுவது, மணல்மூட்டை நிரப்புவது, தண்ணீரை பம்பு வைத்து இறைப்பது, முறிந்த பலகையை மாற்றுவது. தலையைத் தூக்கினால் குறிபார்த்துச் சுடுபவன் காத்திருக்கிறான், அதனால் காவலில் இருப்பவன் பெரிஸ்கோப் பெட்டியின் கண்ணாடியில்தான் வெளியே பார்ப்பான். மற்றவர்கள் சுவரில் குடைந்த பொந்தில் முட்டியை மடக்கித் தூங்குவார்கள். ஒரு மணி நேரம், அரை மணி நேரம், கிடைத்த அளவுக்கு.

மாலை மங்கும்போது மறுபடியும் படியில் ஏறி நிற்பது. அது முடிந்ததும்தான் உண்மையான வேலை நாள் ஆரம்பம். இருட்டுக்குள் ஒரு கூட்டம் பின்னால் போய்ச் சாப்பாடும் தண்ணீரும் தபாலும் எடுத்து வரும், ஒரு கூட்டம் வெளியே ஊர்ந்து போய் முள்கம்பி வேலியைச் சரிசெய்யும், நாலைந்து பேர் யாருக்கும் சொந்தமில்லாத அந்த நடுநிலத்தில் எதிரியின் பேச்சுச் சத்தம் கேட்கிற தூரம் வரை போய்ப் படுத்துக் கேட்டுவிட்டு வருவார்கள். எதிரி வெளிச்ச வாணம் விட்டால், எந்த நிலையில் இருக்கிறார்களோ அப்படியே அசையாமல் உறைந்து நிற்க வேண்டும், அசைவுதான் ஆளைக் காட்டிக்கொடுக்கும். காவல் முறை ஒருவருக்கு இரண்டு மணி நேரம். அதில் தூங்கிவிட்டால் ராணுவச் சட்டப்படி மரண தண்டனை வரை போகலாம்.

இப்படியான ஒரு நாளில் பெரிய தாக்குதல் எதுவும் இல்லாமலே இரண்டு பேர், மூன்று பேர் செத்துப்போவார்கள். எங்கேயோ விழுந்த ஒரு குண்டு, ஒரு நொடி நிமிர்ந்த தலை. இப்படி நாள்தோறும் போகும் உயிர்களுக்கு ராணுவக் கணக்கில் ‘வேஸ்டேஜ்’ என்று பெயர் வைத்திருந்தார்கள், அதாவது சேதாரம். நகைக் கடையில் சொல்கிற அதே சொல். எத்தனை முறை படித்தாலும் அந்தச் சொல்லை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

நான் மருத்துவமனையில் தாதியாக வேலை செய்கிறேன், தினமும் நீரிழிவு நோயாளிகளின் பாதத்தைப் பார்க்கிறேன். ‘டிரெஞ்ச் ஃபுட்’ என்ற நோய்ப் பெயர் அங்கிருந்து வந்ததுதானா? – வாசகி, பொங்கோல்

அங்கிருந்து வந்ததுதான், அம்மா, டிரெஞ்ச் என்றால் அந்தப் பதுங்குகுழிதான். இந்தக் கேள்விக்குச் சிங்கப்பூரிலிருந்தே பதில் சொல்ல முடியும்.

1914 ஆகஸ்டில் போர் தொடங்கியபோது சிங்கப்பூரில் காவலுக்கு இருந்தது கிங்ஸ் ஓன் யார்க்‌ஷயர் லைட் இன்ஃபன்ட்ரியின் 1வது பட்டாலியன். நம் ஊர் வெயிலில் பழகிய பட்டாளம். அதைத் திருப்பி அழைத்து, இந்தியாவிலும் எகிப்திலும் இருந்த மற்றப் பட்டாலியன்களோடு சேர்த்து 28வது டிவிஷன் என்று ஒன்றை அமைத்து, 1915 ஜனவரி நடுவில் பிரான்சில் இறக்கினார்கள். அடுத்த மாதமே பெல்ஜியத்தின் ஈப்பர் ஊர்ப் பக்கம், முழங்கால் வரை பனித்தண்ணீர் நிற்கிற குழிகளில் இருந்தார்கள். நேற்று வரை பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் வியர்த்துக்கொண்டிருந்த உடம்பு. அந்த டிவிஷனில் குண்டுக்கு விழுந்தவர்கள் ஒரு பக்கம் இருக்க, காலும் காய்ச்சலுமாக விழுந்தவர்கள் ஏராளம்.

நோய் எப்படி வருகிறது என்பது உங்களுக்குத் தெரியும்: குளிர்ந்த ஈரத்தில் பல மணி நேரம் அசையாமல் நிற்பது, இறுக்கிக் கட்டிய பூட்ஸும் காலைச் சுற்றிய துணிப்பட்டையும் ரத்தத்தைத் தடுப்பது. முதலில் மரத்துப்போகும், பிறகு வீங்கும், தோல் நீலமாகும், பூட்ஸைக் கழற்றினால் திரும்பப் போட முடியாது. முற்றினால் அழுகி, விரலையோ பாதத்தையோ எடுக்க வேண்டிவரும். முதல் குளிர்காலத்தில் மட்டும் பிரிட்டிஷ் படையில் 20,000க்கும் மேற்பட்டோர் இதனால் படுத்தார்கள்.

அதன் பிறகு எடுத்த நடவடிக்கைதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மருந்து எதுவும் கண்டுபிடிக்கவில்லை, ஒழுங்கைக் கண்டுபிடித்தார்கள். தினமும் பூட்ஸைக் கழற்ற வேண்டும், காலைத் துடைத்துத் திமிங்கில எண்ணெய் தேய்க்க வேண்டும், காய்ந்த காலுறை மாற்ற வேண்டும். சாப்பாட்டோடு சேர்த்துக் காய்ந்த காலுறைகளும் முன்வரிசைக்குப் போயின. சில பட்டாலியன்களில் இரண்டு இரண்டு பேராகச் சேர்த்து, ஒருவர் காலை மற்றவர் தேய்த்துவிட வைத்தார்கள், தன் காலை அலட்சியப்படுத்துகிறவன்கூடத் தோழன் காலை அலட்சியப்படுத்த மாட்டான் என்பதால். இளம் அதிகாரி மண்டியிட்டு டார்ச் பிடித்து ஒவ்வொருவர் பாதமாகப் பார்த்தாக வேண்டும், அவர் பிளட்டூனில் இந்த நோய் கூடினால் அது அவர் தவறு என்று கணக்கு. நல்ல குடும்பத்தில் பிறந்து நல்ல பள்ளியில் படித்த பத்தொன்பது வயதுப் பையன் ஒரு சுரங்கத் தொழிலாளியின் காலைப் பிடித்துப் பார்க்கிறான். அந்தக் காலத்து இங்கிலாந்தில் வேறு எங்கே இது நடந்திருக்கும்? உங்கள் கையிலும் தினமும் அந்த வேலைதான் இருக்கிறது, அம்மா, அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதினேன்.

குளிப்பது, கழிவறை எல்லாம்? – வாசகர், ஜூரோங் வெஸ்ட்

முன்வரிசையில் குளிப்பே கிடையாது. பின்னால் வந்ததும் மதுபான ஆலைகளின் பெரிய மரத் தொட்டிகளில் வெந்நீர் ஊற்றி, பத்துப் பதினைந்து பேராக உள்ளே இறக்கிக் குளிக்கவிட்டார்கள். சில நிமிடம்தான், அடுத்த கூட்டம் வெளியே நிற்கும். கழிவறை என்பது குழியிலிருந்து சற்றுத் தள்ளி வெட்டிய சிறு பள்ளம், வாளி, மேலே போட ப்ளீச்சிங் பவுடர். அதைச் சுத்தம் செய்ய ஆள் நியமித்திருந்தார்கள். எதிரிக்கும் அந்த இடம் தெரியும் என்பதால் அங்கே போவதும் ஆபத்துதான்.

பேனைச் சொல்லாமல் விட முடியாது. தலைப்பேன் இல்லை, நம் பாட்டிமார் சீலைப்பேன் என்பார்களே, துணித் தையலில் முட்டையிடுகிற அந்த இனம். சட்டையைக் கழற்றி, மெழுகுவத்திச் சுடரைத் தையல் ஓரமாக நகர்த்தி, முட்டை படபடவென்று வெடிக்கிற சத்தம் கேட்கக் கேட்க உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். மறுநாள் உடம்புச் சூட்டில் மிச்சமிருந்த முட்டை பொரித்துவிடும். ஆயிரக்கணக்கானவர்களைப் படுக்கவைத்த ஒரு காய்ச்சல் இந்தப் பேனால்தான் பரவுகிறது என்று உறுதியானது 1918இல், போரே முடியப்போகிற நேரத்தில்.

நாப்பது வருஷமா கோப்பிக் கடையில் சமையல் செய்றேன். 1,000 பேருக்குச் சமைச்சு குழிக்குள்ள எப்படிக் கொண்டுபோனாங்க? – பிடோக்கிலிருந்து ஓர் அண்ணன்

சரியான கேள்வி, அண்ணே, சமைக்கிறவருக்குத்தான் இது தோன்றும். சட்டப்படி ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒன்றேகால் ராத்தல் ரொட்டி, ஒன்றேகால் ராத்தல் இறைச்சி அல்லது ஒரு ராத்தல் டின் மாட்டிறைச்சி, கொஞ்சம் பன்றி இறைச்சி, பாலாடைக்கட்டி, ஜாம், தேயிலை, சர்க்கரை. போகப்போக அளவு குறைந்தது. முன்வரிசைக்கு ரொட்டி வந்து சேரும்போது காய்ந்தும் நனைந்தும் இருக்கும், அது வராத நாளில் பல் உடைகிற பிஸ்கட். அதை இடித்து, ஜாமும் தண்ணீரும் விட்டுக் காய்ச்சிக் கஞ்சி மாதிரி செய்து குடித்தார்கள். ஜாம் என்றால் பெரும்பாலும் பிளம்ஸும் ஆப்பிளும் கலந்ததுதான், வருடக்கணக்கில் அதே ஜாம், அதன் பெயரைக் கேட்டாலே சிப்பாய்கள் முகம் சுளித்தார்கள்.

பகலில் குழியில் புகை எழுந்தால் உடனே பீரங்கி தேடி வரும். அதனால் சமையல் பின்னால்தான். பெரிய இரும்புப் பாத்திரத்தில் சமைத்து, வைக்கோல் திணித்த பெட்டிக்குள் வைத்து மூடி, ராத்திரி சேற்றில் தூக்கிப் போவார்கள். இரண்டு மூன்று மைல் நடந்து, வழியில் ஒருவன் பள்ளத்தில் விழுந்தால் ஒரு பிளட்டூனுக்கே அன்றைக்குச் சாப்பாடு இல்லை. அந்தப் பாத்திரத்துக்கு அவர்கள் சொன்ன பெயர் ‘டிக்சி’. இந்தியாவில் இருந்த பழைய பட்டாளத்தான் இந்தியிலிருந்து எடுத்துப் போன சொல் அது. நீங்கள் கடையில் ‘டேக்சா’ என்று சொல்கிறீர்களே, அதற்கும் இதற்கும் வேர் ஒன்றுதான். பிரியாணி டேக்சாவைப் பார்க்கும்போது எனக்கு இப்போதெல்லாம் இந்த ஞாபகம் வருகிறது.

தண்ணீர் பழைய பெட்ரோல் டின்னில் வந்தது, கூடவே கிருமி போகக் குளோரின் தூள் போட்டிருப்பார்கள். எனவே தேநீரில் இரண்டு வாசனையும் இருக்கும். அதையும் சர்க்கரை அள்ளிப் போட்டுச் சூடாகக் குடித்தார்கள். ஓய்வுக்குக் கிராமத்துக்கு வந்தால் வீட்டின் முன்னறையில் கடை வைத்திருக்கும் பிரெஞ்சு அம்மாவிடம் பொரித்த முட்டையும் உருளைக்கிழங்கும். போரின் நினைவுகளில் அந்தத் தட்டு திரும்பத் திரும்ப வருகிறது.

தபால் துறையில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அந்தக் குழிகளுக்குக் கடிதம் போய்ச் சேர்ந்ததா? – வாசகர், அங் மோ கியோ

போய்ச் சேர்ந்தது ஐயா, அதுவும் இங்கிலாந்தில் போட்ட கடிதம் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில்! லண்டன் ரீஜண்ட்ஸ் பார்க்கில் மரத்தால் ஒரு பெரிய கொட்டகை கட்டி அங்கே பிரித்தார்கள். அங்கே 2,500 பேர் வேலை செய்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். உச்சத்தில் வாரத்துக்கு 1 கோடியே 20 லட்சம் கடிதம், 10 லட்சம் பார்சல். கணினி இல்லாத காலம், பட்டாளமோ வாரத்துக்கு ஒரு இடம் மாறுகிறது. இடத்தின் பெயரைச் சொல்லாமல் பட்டாலியன் பெயரை மட்டும் எழுதிய உறை, சாப்பாடு வருகிற அதே வண்டியில் ராத்திரி குழிக்குள் வந்து சேர்ந்தது. உங்களைப் போன்றவர்கள் செய்த வேலை. இதற்குப் பதக்கம் பெரிதாக யாரும் கொடுக்கவில்லை.

திரும்பிப் போகிற கடிதத்தை அதிகாரி படித்துப் பார்த்து, ஊர்ப் பெயரோ படை விவரமோ இருந்தால் அடித்துவிடுவார். தன் மனைவிக்கு எழுதியதைத் தினமும் பார்க்கிற மேலதிகாரி படிப்பான் என்று தெரிந்தே ஒருவன் எழுத வேண்டும், அது எவ்வளவு கூச்சம். அவசரத்துக்கு அச்சடித்த அட்டை ஒன்று இருந்தது. ‘நான் நலம்’, ‘மருத்துவமனையில் சேர்க்கப்பட்டுள்ளேன்’, ‘உன் கடிதம் கிடைத்தது’ என்று வரிசையாக வாக்கியங்கள், பொருந்தாததை அடித்துவிட்டுக் கையெழுத்தும் தேதியும் போடலாம், வேறு ஒரு சொல் எழுதினாலும் அட்டையைக் கிழித்துவிடுவார்கள். ஒரு பெரிய தாக்குதலுக்குப் பிறகு ‘நான் நலம்’ என்ற வரி மட்டும் அடிபடாமல் வந்த அட்டையைக் கையில் வாங்கிய தாயை நினைத்துப் பாருங்கள்.

பயந்தவர்களை என்ன செய்தார்கள்? – வாசகர், செங்காங்

ஓடிப்போனவர்கள், கோழை என்று தீர்ப்பானவர்கள் முதலியோர் என்று 306 பேரைத் தங்கள் படையே சுட்டுக் கொன்றது. அவர்களில் சிலர் மனம் உடைந்து நோயாளியாக இருந்தவர்கள் என்பது இன்று தெளிவாகத் தெரிகிறது. 2006இல் பிரிட்டிஷ் அரசு அவர்களுக்கு மன்னிப்பு வழங்கியது, தொண்ணூறு வருடம் கழித்து. சிறிய குற்றங்களுக்கு ஒருவனை வண்டிச் சக்கரத்திலோ கம்பத்திலோ நாளுக்கு இரண்டு மணி நேரம் வரை கட்டி வைக்கிற தண்டனையும் இருந்தது. இதை நியாயப்படுத்த என்னிடம் ஒரு சொல்லும் இல்லை.

நம்மவர்கள் யாரும் அங்கே இருந்தார்களா? சிங்கப்பூரில் அப்போது என்ன நடந்தது? – வாசகி, உட்லண்ட்ஸ்

இந்தியப் படை 1914 இலையுதிர் காலத்திலேயே பிரான்சுக்குப் போய்விட்டது. லாகூர், மீரட் டிவிஷன்கள். ஒரு பிரிகேடில் பெரும்பாலும் ஒரு பிரிட்டிஷ் பட்டாலியனும் மூன்று இந்தியப் பட்டாலியன்களும் அடுத்தடுத்த குழிகளில் நின்றன. 1915 மார்ச்சில் நவ் ஷப்பேல் தாக்குதலில் பெரும் பங்கு அவர்களுடையது. அங்கே இன்று நிற்கும் நினைவிடத்தில் 4,700க்கும் மேற்பட்ட இந்தியப் பெயர்கள் இருக்கின்றன. ஆனால் அவர்கள் பெரும்பாலும் பஞ்சாப், கார்வால், நேபாளப் பக்கத்தவர்கள். தமிழர்கள் அதிகம் இருந்தது மதராஸ் சாப்பர்ஸ் படையில், பாலம் கட்டுவதும் வழி அமைப்பதும் அவர்கள் வேலை, அவர்கள் உழைத்த பெரிய களம் மெசபொடேமியா, இன்றைய இராக். அந்தப் படைக்காரர்களுக்கு ராணுவத்தில் இன்றும் செல்லப் பெயர் ‘தம்பி’.

நம் வீட்டு மொழியில் அந்தப் போர் விட்டுப்போன ஒரு சொல்லும் இருக்கிறது. 1914 செப்டம்பர் 22 ராத்திரி மதராஸ் மீது குண்டு போட்டுவிட்டு மறைந்த ஜெர்மானியக் கப்பலின் பெயர்தான் ‘எம்டன்’. அதில் பிடிபட்ட மாலுமிகள் சிலரைக் கொண்டுவந்து அடைத்தது இங்கே தங்ளினில். ‘அவன் பெரிய எம்டன்’ என்று என் தாத்தா யாரையாவது சொல்லும்போது அது கப்பல் என்றே எனக்குத் தெரியாது.

யார்க்‌ஷயர் பட்டாளம் போன இடத்துக்கு வந்தது இந்தியாவின் 5வது லைட் இன்ஃபன்ட்ரி. அவர்கள் 1915 பிப்ரவரி 15 அன்று, சீனப் புத்தாண்டு நேரத்தில், இங்கே கிளர்ந்தெழுந்தார்கள். அதை ஒரு பத்தியில் சொல்வது அநியாயம், தனி இதழ் வேண்டும். அதை அடக்க ரங்கூனிலிருந்து வரவழைத்த படைகளில் ஒன்று ஷ்ராப்‌ஷயர் லைட் இன்ஃபன்ட்ரியின் 1/4வது பட்டாலியன், அதாவது 4வது பட்டாலியனின் முதல் பிரிவு. கிழக்கிலேயே காவல் காத்துக்கொண்டிருந்த அந்தப் பட்டாளம் 1917 ஜூலையில் பிரான்சில் இறங்கியது, 1918 ஜூன் 6இல் பிளின்யி குன்றைப் பிடித்ததற்காகப் பிரெஞ்சு அரசின் குவா த கேர் விருது மொத்தப் பட்டாலியனுக்கும் கிடைத்தது. அவர்களுக்கு முன்பே போன யார்க்‌ஷயர்காரர்கள் 1915 மே மாதம் ஈப்பர் பக்கம் ஃபிரெசன்பர்க் மேட்டில் நொறுங்கிப்போன 83வது பிரிகேடில் இருந்தார்கள். முந்தைய மாதம்தான் அதே ஈப்பர் பகுதியில் குளோரின் விஷவாயு முதன்முதலாக வந்திருந்தது. முகமூடி இல்லை, ஈரத் துணியை மூக்கில் கட்டிக்கொண்டார்கள்.

உயர்நிலை 3 படிக்கிறேன், வரலாற்றுப் பாடத்துக்கு ஒரு பட்டாலியனைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டும். எங்கே தேடுவது ஐயா? – மாணவன், புக்கிட் பாத்தோக்

தம்பி, ஒவ்வொரு பட்டாலியனும் தினமும் ஒரு போர்க் குறிப்பேடு எழுதியாக வேண்டும் என்பது விதி. வழக்கமாக அட்ஜுடன்ட் என்ற அதிகாரி எழுதுவார், குழியிலேயே, பென்சிலால். தேதி, இடம், வானிலை, நடந்தது, இறந்தவர் எண்ணிக்கை, அவ்வளவுதான் இருக்கும். மழை, அமைதி, இரண்டு பேர் சாவு, ஐந்து பேர் காயம் என்கிற மாதிரி வரிகளாகவே பக்கம் பக்கமாகப் போகும். சலிப்பாக இருக்கிறது என்று மூடிவிடாதே. நாற்பது நாள் தொடர்ந்து படி, எத்தனை நாள் மழை, எத்தனை நாள் ‘அமைதி’யில் ஆள் செத்திருக்கிறார்கள் என்று ஒரு தாளில் குறித்து வை, கட்டுரை அதிலிருந்து தானாக வரும். லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 95 என்ற வரிசையில் இவை இருக்கின்றன, பெரும் பகுதியை இணையத்தில் பார்க்கலாம். இங்கே என்ன நடந்தது என்பதற்கு நம் தேசிய நூலகத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் 1914, 1915ஆம் ஆண்டுப் பத்திரிகைகள் இலவசம்.

ஒரு சனிக்கிழமை சிட்டி ஹால் ரயில் நிலையத்தில் இறங்கி எஸ்பிளனேட் பூங்காவுக்கும் நடந்து போய்விட்டு வா. தூணுக்கு ஏறும் ஐந்து படிகளில் 1914 முதல் 1918 வரை ஆண்டுகள் செதுக்கியிருக்கும். பெயர்களைப் படித்து முடித்ததும் பின்பக்கமும் சுற்றிப் பார், இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களுக்காகப் பிறகு சேர்த்த வாசகம் அங்கே நான்கு மொழிகளில் இருக்கிறது, தமிழிலும்.